அக்மார்க் உள்ளூர் ரேடார்

குப்பாண்டிபாளையத்து ரேடார் கூடத்தில் மூன்று மேதைகள் இருந்தார்கள். தலைவர் நஞ்சப்பன். அவருக்குக் கீழே ராக்கியப்பன், மாராத்தாள். போர் விமானத்துக்கு ரேடார் செய்யும் வேலையை இவர்களிடம் யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். கொடுத்தாகிவிட்டது.

கொடுத்த அதிகாரி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "வெளிநாட்டுச் சரக்கு எதுவும் உள்ளே வரக்கூடாது. வந்தால் கூடத்தை இழுத்து மூடிவிடுவேன்."

மூடினால் நஞ்சப்பன் மாமனாரின் கோழிப்பண்ணைக்குத்தான் போக வேண்டும். போன தீபாவளிக்கு அங்கே ஒரு சேவல் துரத்திய துரத்தலில் அவர் வேட்டியை விட்டுவிட்டு ஓடிவந்தவர்.

அதனால் முதலில் வெளிநாட்டுத் திருகாணிகள் வெளியே போயின. மிளகாயும் ஒரு காலத்தில் கப்பலில் வந்ததுதான் என்று தெரிந்ததும் குழம்பிலிருந்து அதுவும் போயிற்று. கடல் தாண்டி வந்து கூரைமேல் உட்கார்ந்த நாரையிடம் ராக்கியப்பன், "நீங்க கெளம்புங்க" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினான்.

எல்லாம் முடிந்த நேரத்தில் மாராத்தாள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"ஏனுங்க, ரேடார் அலை போய் விமானத்துல மோதித் திரும்பி வருதுங்களே. அது வெளிநாட்டு விமானமா இருந்தா?"

"இருந்தா என்ன புள்ள?"

"அதைத் தொட்டுட்டு வந்த அலையும் வெளிநாட்டுச் சரக்குத்தானுங்களே?"

நஞ்சப்பனின் காதில் சேவல் இறக்கையடிக்கும் சத்தம் கேட்டது.

"சீனாப் பொம்மையைத் தொட்டா நாம சீனாக்காரன் ஆயிருவமாங்க?" என்றான் ராக்கியப்பன்.

"நாம ஆக மாட்டோம். அலைக்கு அந்த வைராக்கியம் கெடையாதப்பா" என்றார் நஞ்சப்பன்.

உடனே, உள்ளூர்ப் பொருளில் பட்டு வரும் அலையை மட்டும் உள்ளே விடும்படி ரேடாரை மாற்றினார்கள். மற்ற நாட்டு மேதைகளால் நினைத்தே பார்க்க முடியாத வேலை. இவர்களும் நினைத்துப் பார்க்காமல்தான் செய்தார்கள்.

சோதனை நாளில் ரேடாரைக் கூடத்து மாடியில் வைத்தார்கள். அதிகாரி வந்து திரையின் முன் உட்கார்ந்தார். வெளிநாட்டில் வாங்கிய விமானம் ஒன்று தலைக்குமேல் உறுமிக்கொண்டு போனது. திரையில் விமானமே இல்லை. பைலட் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்தபடி தனியாக வானத்தில் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தூக்குப்போசி, அதற்குள் தயிர்சோறு. மூன்றும் உள்ளூர்.

"ஐயோ, அடியிலிருந்த விமானம் கழண்டு விழுந்திருச்சுங்க!" என்று அலறினார் நஞ்சப்பன். "மனுசன் விழறதுக்குள்ள புடிக்கோணும், வாங்க!"

பவானி ஜமக்காளத்தைத் தூக்கிக்கொண்டு மூவரும் விமானம் இறங்கும் மைதானத்துக்கு ஓடினார்கள். ஜமக்காளத்துக்கு நாலு மூலை. திரையை இன்னொரு தடவை பார்த்த அதிகாரி, பதறி ஓடிவந்து நாலாவது மூலையைப் பிடித்துக்கொண்டார்.

அவர்களுக்குப் பின்னால் விமானம் பத்திரமாக இறங்கியது. பைலட் தூக்குப்போசியோடு நடந்து வந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"தள்ளி நில்லு தம்பி" என்றார் அதிகாரி, வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "மேலேயிருந்து ஒரு பைலட் விழப்போறான்."

"அடப் பாவமே, யாரு பெத்த புள்ளையோ!" என்று பைலட் தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு, ஜமக்காளம் தொய்ந்த பக்கமாகப் போய்ப் பிடித்தார்.

கூடத்தை இழுத்து மூட வேண்டியவரின் இரண்டு கையும் ஜமக்காளத்தில் இருப்பதால் கூடம் இன்னும் திறந்தே கிடக்கிறது. சேவல் ஞாபகம் வரும்போதெல்லாம் நஞ்சப்பன் மட்டும், "கெட்டியாப் புடிங்க சார், விட்டுராதீங்க" என்கிறார்.