ஜெர்மன் ராஜா கொடுத்த துப்பாக்கி

காடனேரி ஜமீன்தார் வெங்கிடபதி நாயக்கருக்குத் தன் நிழல்மேலேயே சந்தேகம். பாலைக்கூடப் பூனைக்கு ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

லைசென்ஸ் புதுப்பிக்க வந்த இன்ஸ்பெக்டர் தேவசகாயம், ஜமீன்தாரின் கைத்துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குழல்ல ஒரு நம்பர், பிடியில வேற நம்பர். ஒரே துப்பாக்கின்னா ஒரே நம்பர்தானே இருக்கணும்?"

ஜமீன்தாரின் கண் உடனே வேலைக்காரன் சடையாண்டிமேல் பாய்ந்தது. "தினமும் இதைத் துடைக்கிறவன் இவன்தான். ஜெர்மன் ராஜா எங்க தாத்தாவுக்குத் தன் கையால கொடுத்த துப்பாக்கி! அசல் பிடியைக் கழற்றி வித்துட்டான். டேய், பொழுது சாயுறதுக்குள்ள அது வந்தாகணும். இல்லேன்னா ஜெயில்தான்!"

"கொண்டாந்துடறேன் எசமான். குழல் மட்டும் அசல்தானுங்களே?"

"அதிலென்னடா சந்தேகம்? ராஜா பொறிச்ச எழுத்தே அதுல இருக்கு!"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. இன்ஸ்பெக்டர் ஐயா கொஞ்சம் வாசிச்சுச் சொல்லணும்."

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மேட் இன் ஜெர்மனி. இங்கிலீஷ்ல இருக்கே! வெளிநாட்டுல விக்கிறதுக்கு அனுப்புற சரக்குல அடிக்கிற முத்திரையாச்சே இது!"

சடையாண்டி தலையில் கைவைத்தான். "ஐயையோ! கடைச் சரக்கைக் கொடுத்து ராஜா ஏமாத்தியிருக்காரே! பெரிய எசமான் அதுகூடத் தெரியாமலா கைநீட்டி வாங்கினாரு?"

ஜமீன்தாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க தாத்தாவையாடா ஏமாளிங்கிறே? அவரை எவன்டா ஏமாத்த முடியும்? ஏமாந்தவன் நான்டா! அந்தப் பட்டணத்து ஏலக்கடைக்காரன்..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

சடையாண்டி துடைக்கிற துணியை உதறித் தோளில் போட்டான். "ஜெர்மன் ராஜாவுக்குப் பட்டணத்துல ஏலக்கடையும் இருக்குதுங்களா எசமான்?"