கிளிமூக்குச் சேவலும் நாலு பேர் கமிட்டியும்

முட்டாள்களைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால் எல்லாரும் ஏதோ ஒரு தூரதேசத்தைத் தேடிப் போகிறார்கள். எனக்கு அவ்வளவு அலைச்சல் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து கன்னிவாடி பஸ்ஸில் வந்து இறங்கினால் மாதா கோவிலுக்குப் பின்னால் எங்கள் வீடு. வாசலில் நாலு ஜோடி செருப்பு கிடந்தால் நாலு பேரும் உள்ளே இருக்கிறோம் என்று அர்த்தம்.

முதல் ஆள் என் வீட்டுக்காரர் சவரியார். அடுத்தது அவர் தம்பி பிச்சைமுத்து. அஞ்சாம் வகுப்பு பாஸ், ஆகவே எங்களுக்குள் படித்தவர். அவர் சம்சாரம் தெரேசம்மாள், என் ஓரகத்தி. நாலாவது நான். எங்கள் பிள்ளைகள் எல்லாம் புத்திசாலிகள். அதனால்தான் எல்லாரும் வெளியூரில் இருக்கிறார்கள்.

போன வருஷம் கோழிக்கார அய்யாவு எனக்கு ஒரு சேவல் குஞ்சு கொடுத்தார். "அசல் கிளிமூக்கு விசிறிவால் ஜாதிம்மா" என்றார். கூடவே ஒரு காகிதம். சேவலுக்கு என்னென்ன லட்சணம் வேண்டும், எப்படி வளர்க்கவேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. குஞ்சு கோவில் படத்துத் தேவதூதன் மாதிரி வெள்ளைவெளேரென்று இருந்ததால் சம்மனசு என்று பேர் வைத்தேன்.

சம்மனசு வளர்ந்து, என் வீட்டுக்காரரின் கத்தரி நாற்று முழுவதையும் ஒரே காலையில் கிளறிப் போட்டது. அவர் நேரே மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"தை மாசக் கோழிக் கண்காட்சியில இந்தச் சேவல் தேறலைன்னா, அறுத்துக் குழம்பு வைப்பேன். இது சத்தியம்!"

சொல்லிவிட்டுத் திரும்பினவர் முகம் வாடிவிட்டது. அவருக்கும் அதன்மேல் பிரியம்தான். ஆனால் மாதாவுக்கு முன்னால் சொன்னதை எப்படி மாற்றுவது? எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சம்மனசைத் தேற வைத்தே ஆகவேண்டும் என்று நாலு பேரும் உட்கார்ந்து காகிதத்தைப் படித்தோம்.

"கலப்பு அறவே கூடாது" என்று முதல் வரி.

"அப்ப கம்பையும் தவிட்டையும் இனிமே கலக்கக் கூடாது மதினி" என்றார் பிச்சைமுத்து. ஆகவே காலையில் கம்பு, மத்தியானம் தவிடு, சாயங்காலம் தண்ணீர் என்று தனித்தனியாக வைத்தோம். சம்மனசு மூன்றாம் நாள் மறுபடியும் நாற்றங்காலுக்குப் போய்விட்டது.

"நல்ல குடும்பத்துப் பெட்டையோடு ஜோடி சேர்க்கவும்" என்று அடுத்த வரி. நானும் தெரேசாவும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு நாலு வீட்டில் பெட்டை பார்த்தோம். மூன்று வீட்டில் காபி கொடுத்தார்கள். நாலாவது வீட்டில் பெட்டையைக் கொடுத்தார்கள்.

ஒன்பது குஞ்சு பொரித்தது. "குஞ்சுகளில் குறை உள்ளதைக் கழித்துவிடவும்" என்றது காகிதம்.

பிச்சைமுத்து ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இது சின்னதா இருக்கு. குறை. இதுவும் சின்னது. அட, இதுவும்!"

"நாலு நாள் குஞ்சு பெருசாவா இருக்கும்?" என்றேன்.

"மதினி, நமக்குப் பிரியமா இருக்குன்னு குறையை மறைக்கக் கூடாது."

ஒன்பதையும் கழித்தோம். கழிப்பதென்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாததால் தெருவில் வீட்டுக்கொன்றாகக் கொடுத்துவிட்டோம். தாய்க்கோழி எங்கள் நாலு பேரையும் ஒரு வாரம் விரட்டி விரட்டிக் கொத்தியது.

கடைசி வரிதான் எங்களைப் படாதபாடு படுத்தியது. "கண்காட்சிக்கு முன் பத்து நாள் கூண்டில் நின்று பழகவேண்டும். நடுவர் தொடும்போது திமிறக் கூடாது."

"யாரு நிக்கணும்னு போடலையே" என்றாள் தெரேசா.

"படிக்கிறவங்களுக்குத்தானே எழுதியிருக்கு? சேவலுக்குப் படிக்கத் தெரியுமா?" என்றார் பிச்சைமுத்து.

மூங்கில் தப்பையில் ஆள் உயரத்துக்குக் கூண்டு கட்டி, குடும்பத் தலைவர் என்ற முறையில் என் வீட்டுக்காரரை உள்ளே நிற்க வைத்தோம். நான்தான் நடுவர். தினமும் தாடையைத் தூக்கிப் பார்ப்பேன், கையை விரித்துப் பார்ப்பேன், முழங்காலைத் தட்டிப் பார்ப்பேன். முதல் நாள் கூச்சத்தில் நெளிந்தார். பத்தாம் நாள் கல்லு மாதிரி நின்றார். பங்குச் சாமியார் அந்த வழியாக வந்தவர் கூண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கண்காட்சி நாள் வந்தது. "தலையில் பூ சிறியதாக இருக்கவேண்டும்" என்றும் காகிதத்தில் இருந்ததால், கிளம்பும்போது ஒரே ஒரு மல்லிகை மொட்டை எடுத்துச் சம்மனசின் தலையில் நூலால் கட்டிவிட்டேன்.

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது என்னம்மா?"

"பூ ஐயா. சின்னதுதான்."

"பூன்னா கொண்டைம்மா, கொண்டை!"

"கொண்டை போடற அளவுக்கு அதுக்கு முடி இல்லீங்க" என்றாள் தெரேசா.

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு சம்மனசைத் தொட்டார். தொட்டதுதான் தாமதம், அது திமிறி, சிறகடித்து, அவர் கையில் ஒரு கொத்துக் கொத்தி, வாலில் இருந்த நாலு நீள இறகையும் அவர் கையிலேயே விட்டுவிட்டு மேஜைக்கு அடியில் ஓடியது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் மட்டும் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"மூக்கு நேரா இருக்கு. வாலும் போச்சு" என்று கத்தினார் நடுவர். "இதெல்லாம் ஒரு சேவலா?"

எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். சம்மனசு என் மடியில். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் கத்தி தீட்டவேண்டியவர் போலவே இல்லை, கத்திக்கு முன்னால் நிற்பவர் மாதிரி இருந்தார்.

பிச்சைமுத்துதான் வாயைத் திறந்தார். "அண்ணே, தேறாத சேவலை அறுப்பேன்னுதானே சத்தியம்? நடுவரு இது தேறலைன்னு சொல்லவே இல்லையே. சேவலான்னு நம்மளைக் கேட்டாரு."

"நாம என்ன பதில் சொன்னோம்?"

"ஒண்ணும் சொல்லலை."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்போம்ல?" என்றார் என் வீட்டுக்காரர். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

"ஆனா காலையில கூவுதே" என்றாள் தெரேசா.

"நீயுந்தான் விடியக்காலம் எந்திரிச்சுக் கூவுற. நீ சேவலா?" என்றார் பிச்சைமுத்து.

"ஒன்பது குஞ்சு?"

"பொரிச்சது பெட்டை. இது பக்கத்துல நின்னுச்சு, அவ்வளவுதான்."

நெடுநேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். முட்டை போட்டால் பெட்டை, சத்தியம் அதைக் கட்டாது. போடாவிட்டால் சேவல், குழம்பு. சாம்பல் புதனன்று தவக்காலம் தொடங்கிவிட்டால் கறி கிடையாது. ஆகவே அதற்கு முந்தின ஞாயிறு வரைக்கும் கெடு.

கோழி மூடும் பஞ்சாரக் கூடைக்குள் வைக்கோல் பரப்பிச் சம்மனசை உட்கார வைத்தேன். தினமும் ஒரு ஜெபமாலை சொன்னேன். ஒரு சேவல் முட்டை போடவேண்டும் என்று மாதாவிடம் இதற்கு முன் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்க எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. அதனால் மெதுவாகக் கேட்டேன்.

ஒரு முட்டையும் வரவில்லை. கெடு ஞாயிறும் வந்துவிட்டது.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் எனக்கு முன்பே எழுந்து அடுப்பைப் பற்ற வைத்திருந்தார். கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. காபி போடுகிறாராக்கும் என்று சந்தோஷப்பட்டேன். காபி இல்லை. மனுஷன் வேர்த்து வடிய வெளியே போய், கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"ஓடி வாங்க! முட்டை போட்டிருச்சு!"

ஓடினோம். வைக்கோலில் ஒரு முட்டை. சம்மனசு அதை எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தெரேசா எடுத்தாள். "ஆத்தி, என்னா சூடு! இப்பத்தான் போட்டிருக்கு" என்றவள் சூடு தாங்காமல் கீழே போட்டுவிட்டாள்.

முட்டை உருண்டது. ஓடு விரிசல் விட்டது. ஆனால் ஒழுகவில்லை. பிச்சைமுத்து குனிந்து விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"வெந்திருக்கு மதினி."

என் வீட்டுக்காரர் ஆகாயத்தைப் பார்த்தார்.

நான் முழங்காலில் விழுந்து மாதாவுக்கு நன்றி சொன்னேன். பச்சை முட்டைதான் கேட்டேன். அவள் சமைத்தே கொடுத்துவிட்டாள்.

"அண்ணே, இது கிளிமூக்கும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்றார் பிச்சைமுத்து. "அவிச்ச முட்டை போடற ஜாதி. உலகத்துல இது ஒண்ணுதான் இருக்கும். எப்பாடு பட்டாவது இந்த இனத்தைப் பெருக்கணும்."

உடனே அந்த முட்டையைத் தாய்க்கோழிக்கு அடியில் அடைக்கு வைத்தோம். இருபத்தோரு நாளில் பொரிக்கவேண்டும். இன்றோடு இருபத்தைந்து நாள் ஆகிறது. எனக்குக் கவலையாக இருக்கிறது. பிச்சைமுத்துவுக்கு இல்லை.

"அவ்வளவு சூட்டுல போட்ட முட்டை மதினி. ஆறவே நாலஞ்சு நாள் ஆகியிருக்கும்ல?" என்கிறார்.