குலசேகரன் கண்ட புது உயிரி

நாகர்கோவிலில் மைக்ரோஸ்கோப் பிரியர்கள் சங்கம் ஒன்று இருந்தது. அதன் தலைவர் குலசேகரனிடம் வெளிநாட்டு லென்ஸ், அதன்மேல் பெரிய கேமரா, அதைவிடப் பெரிய வாய். புதிதாகச் சேர்ந்த பஸ் கண்டக்டர் அமலோற்பவத்திடம் இருந்ததோ பழைய மைக்ரோஸ்கோப்பும் செல்போனும்தான்.

"இந்த விளையாட்டுச் சாமானோட நம்ம சங்கத்துக் கண்காட்சிக்கு வராதம்மா. ரெண்டாயிரம் மடங்கு பெருசாக் காட்டுற லென்ஸ் வாங்கிட்டு வா" என்றார் அவர், எல்லார் முன்னாலும்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்தாள். "வாங்கிரலாம் சார். உங்களுது என்ன காட்டுதுன்னு முதல்ல பாத்துக்கிடட்டுமா?"

அவர் குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு லென்ஸுக்கு அடியில் வைத்தார். கேமராவோடு இணைத்த திரையில் முடிபோல் ஏதோ வளைந்து கிடந்தது.

"பாரு! உன் டப்பாவுல ஏழு ஜென்மத்துக்கும் தெரியாது. அபூர்வமான உயிரி. இதுக்கு என் பேரையே வைக்கப்போறேன்."

போன கூட்டத்தில் அவர் காட்டிய வெங்காயத் தோலிலும் இதே உயிரியைப் பார்த்த ஞாபகம் அமலோற்பவத்துக்கு. தகட்டை மெல்ல நகர்த்தினாள். உயிரி நகரவில்லை. தகட்டை எடுத்தே விட்டாள். உயிரி அப்போதும் திரையில் அப்படியே கிடந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இது குளத்துல பிறந்ததில்ல சார், உங்க கேமராவுக்குள்ள விழுந்த தூசி" என்றாள். "ஆனா பேரை மாத்திராதீங்க. பொருத்தமாத்தான் இருக்கு."