கொசு பாடாத குழி

கொன்றைக் காட்டுக் குளத்துக்கு மேல்புறம் ஒரு கசடுக் குழி இருந்தது. எருமைகள் புரண்ட சேறும் யானைகள் குளித்த அழுக்கும் முதலில் அதில்தான் விழும். கசடு அடியில் தங்கும். மேல் தண்ணீர் கோரைப்புல்லிலும் மணலிலும் வடிந்து, தெளிந்து, குளத்துக்கு வரும்.

குழி அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டவர்கள் மூன்று பேர்: பெருச்சாளி கருவாயி, நண்டு கொடுக்கன், ஆமை பொதியன். குளத்தில் தண்ணீர் குடித்தவர்களில் யாராவது இவர்கள் பெயரைக் கேட்டிருப்பார்களா? மூச்!

குழிக்குள் சில நாள் விஷக்காற்று நிற்கும். அதனால் குழியின் மூடியைத் திறந்ததும் கருவாயி காதைக் கொடுத்துக் கேட்பாள். கொசுக்கள் உள்ளே புகுந்து ‘ஙொய்’ என்று பாடினால் நல்ல காற்று. இடுப்பில் காட்டுக்கொடியைக் கட்டி, மறுமுனையை மற்ற இருவரிடம் கொடுத்துவிட்டு இறங்குவாள். பாட்டு கேட்காவிட்டால் இறங்கமாட்டாள்.

போன மழைக்காலத்தில் அவள் தம்பி சடையன் பாட்டுக்குக் காத்திராமல் இறங்கினான். மேற்பார்வை நரி அவசரப்படுத்தியதால் இறங்கினான். உயிரோடு ஏறி வரவில்லை. நரி ஒரு மாலையைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அந்த மாலையை நினைத்தால் கருவாயிக்கு இன்னும் வயிறு எரியும்.

ஒரு நாள் சிங்க ராஜா விருந்து வைத்தார். விருந்தாளிகளைக் கொசு கடிக்கக்கூடாது என்று நரி காலையிலேயே காடெங்கும் நொச்சிப் புகை போட்டது. ஒரு கொசுகூட மிச்சமில்லை. அன்று பார்த்துக் குழி அடைத்துக்கொண்டது. குளத்துக்குள் கறுப்புத் தண்ணீர் வழிந்தது.

நரி தலைதெறிக்க ஓடி வந்தது.

“ஏய் கருவாயி! என்ன வேடிக்கை பாக்கிற? இறங்கு!”

கருவாயி மூடியைத் திறந்து காதைக் கொடுத்தாள். சத்தமே இல்லை.

“பாட்டு வரலைங்க. இறங்க மாட்டேன்!”

“அட அறிவுகெட்டவளே! கொசுவையெல்லாம் நான்தானே விரட்டினேன்! இல்லாத கொசு எப்படிப் பாடும்?”

“அப்ப அது திரும்பி வர்ற வரைக்கும் காத்திருப்போம்!”

“ராஜாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“என் தம்பி செத்தப்ப என்ன சொன்னீங்களோ, அதையே சொல்லுங்க!”

நரி நண்டின் பக்கம் திரும்பிப் பல்லை இளித்தது. “கொடுக்கா, நீ இறங்கு. இனிமே நீதான் தலைவன்!”

“அக்கா சொன்னதுதான் எனக்கும்!” என்று கொடுக்கன் திறந்து வைத்த மூடியின் மேல் ஏறி உட்கார்ந்தான். பொதியன் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டான். இனி அவனை யார் அசைப்பது?

அதற்குள் சிங்கமே வந்துவிட்டது. “என்ன இந்த நாத்தம்?”

“இவங்களுக்குக் கொழுப்பு ராஜா! வேலை செய்ய மாட்டேங்கிறாங்க!” என்றது நரி.

கருவாயி குழியின் விளிம்பை விட்டு நகரவில்லை. “ராஜா, உள்ளே என்ன காத்து நிக்குதுன்னு தெரியாம இறங்க மாட்டோம். என் உயிர்தான் வேணும்னா இங்கே, வெளிச்சத்துல எடுத்துக்குங்க. குழிக்குள்ள விட மாட்டேன்!”

“வெறும் சாக்கு ராஜா! உள்ளே ஒண்ணுமில்லை. நானே இறங்கிக் காட்டுறேன்!” என்று நரி குழியை நோக்கிப் பாய்ந்தது.

கருவாயி குறுக்கே நின்றாள். “இறங்காதீங்க! உயிருக்கு ஆபத்து!”

“தள்ளிப் போ!”

“கேக்க மாட்டீங்கன்னா கொடியாவது கட்டிக்குங்க. அது இல்லாம இங்கே யாரும் இறங்கக் கூடாது. நீங்களா இருந்தாலும் சரி!”

அவளே கட்டினாள். முடிச்சைத் தளர்வாக விட்டால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. சடையன் முகம் நினைவுக்கு வந்தது. இன்னொரு சுற்று சுற்றி இறுக்கினாள்.

நரி இறங்கியது. “பாத்தீங்களா? ஒண்ணுமே...”

குரல் நின்றுவிட்டது.

“இழு!” என்று கத்தினாள் கருவாயி. மூவரும் சேர்ந்து இழுத்தார்கள். கண் சொருகி, நாக்குத் தள்ளி நரி மேலே வந்தது. மூவரும் முகத்தில் விசிறி, வயிற்றை அமுக்கியபின் இருமிக்கொண்டு விழித்தது. யார் முகத்தையும் அது ஏறிட்டுப் பார்க்கவில்லை.

சிங்கம் கருவாயி பக்கம் திரும்பியது. “இப்ப என்ன செய்யணும்?” என்று கேட்டது.

“புகையை அணைக்கச் சொல்லுங்க. நீங்களும் காத்திருங்க.”

ராஜா காத்திருந்தார்! விருந்தாளிகள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். வெயில் சாயும் நேரத்தில் ஒரு கொசு வந்தது. குழிக்குள் நுழைந்தது.

‘ஙொய்...’

கருவாயி இன்னும் மூன்று கொசு பாடும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு கொடியை இடுப்பில் கட்டி, மறுமுனையைச் சிங்கத்திடம் நீட்டினாள்.

“கெட்டியாப் பிடிங்க ராஜா. நான் ஏறி வர்ற வரைக்கும் விடக் கூடாது!”

சிங்கம் அதைப் பல்லால் கவ்விக்கொண்டது.

மேலே நிற்பவரின் அவசரத்துக்காக, உள்ளே இறங்குகிறவர் தம் உயிரைக் கொடுக்கவேண்டியதில்லை.