அக்கரைக்குப் போன சவாரி யானை

வேங்கைக்காட்டில் வேழமுத்து என்று ஒரு யானை சவாரி ஓட்டிவந்தது. வண்டியும் அதுதான், வண்டிக்காரரும் அதுதான். முயல், அணில், ஆமை எல்லாம் முதுகில் ஏறிக்கொள்ளும். மலையடியிலிருந்து சந்தைப் பாறைவரை கொண்டுபோய் இறக்கிவிடும். பதிலுக்குக் கரும்போ பலாச்சுளையோ கிடைக்கும். கழுத்தில் ஒரு வெண்கல மணி தொங்கும். காட்டுச் சபை கொடுத்த மணி அது. அந்த மணி உள்ளவர்கள் மட்டுமே சவாரி ஏற்றலாம் என்பது காட்டின் சட்டம்.

வேழமுத்து நல்ல யானைதான். ஆனால் இலுப்பைப்பூக் கள் என்றால் துதிக்கை தானாக நீண்டுவிடும்.

ஒருநாள் கரடி வீட்டுக் குழியில் ஊறிக் கிடந்த கள்ளை முட்ட முட்டக் குடித்தது. முதுகில் பயணிகளை ஏற்றிக்கொண்டு நேராகக் குளத்துக்குள் இறங்கிவிட்டது.

“அண்ணே! பாதை அந்தப் பக்கம்!” என்று முயல் அலறியது.

“பாதைதான் இது! இன்றைக்குக் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது, அவ்வளவுதான்!” என்றது வேழமுத்து.

ஆமைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. “என்னை இங்கேயே விட்டுவிடுங்கள், வீடு வந்துவிட்டது!” என்று சொல்லித் தண்ணீரில் குதித்தது. மற்றவை தத்தளித்துக் கரையேறின. ஓர் அணிலுக்கு மூச்சே நின்றுவிட்டது. வயிற்றை அமுக்கிய பிறகுதான் கண் திறந்தது.

சபை கூடியது. சபைத் தலைவி ஓர் இருவாச்சிப் பறவை. அலகு பெரிது, பேச்சு சிறிது.

“மணியைக் கழற்று. அடுத்த மழைக்காலம் வரை இந்தக் காட்டில் நீ யாரையும் ஏற்றக்கூடாது!”

வேழமுத்து வெறுங்கழுத்தோடு வீட்டுக்கு வந்தது. நடக்கும்போது மணிச் சத்தம் கேட்காதது என்னவோ போலிருந்தது. வழியில் ஒரு மான்குட்டி, “அம்மா, இது வேற யானையா?” என்று கேட்டது. அதைத்தான் வேழமுத்துவால் தாங்க முடியவில்லை.

அப்போது மரநாய் வக்கீல் வந்தது. சும்மா இருக்கிற வழக்கையும் சொறிந்துவிடுகிற பேர்வழி.

“தீர்ப்பைச் சரியாகக் கேட்டீர்களா? ‘இந்தக் காட்டில்’ என்றுதானே சொன்னார்கள்? ஆற்றுக்கு அக்கரையில் மூங்கில்காடு இருக்கிறது. அது வேறு காடு, வேறு சபை. அங்கே போய் ஓட்டுங்கள், யார் கேட்பது?”

“அங்கேயும் இதே சட்டம்தானே? மணி கேட்பார்களே?”

“தேய்க்கக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்!”

வேழமுத்துவுக்குக் காது இரண்டும் சந்தோஷத்தில் விசிறின. வக்கீலை முதுகில் ஏற்றிக்கொண்டு அன்றே ஆற்றைக் கடந்தது.

மூங்கில்காட்டில் அதுவரை சவாரி யானையே கிடையாது. மேடும் பள்ளமுமான பாதையில் நடந்து நடந்து கால் தேய்ந்த பிராணிகள் ஓடி வந்தன.

“மணி எங்கே?” என்று ஒரு மயில் கேட்டது.

“தேய்க்கக் கொடுத்திருக்கிறேன்!”

மயில் வேறெதுவும் கேட்கவில்லை. சில நாள் தொழில் சுகமாக நடந்தது. வேழமுத்து ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. ‘நான் திருந்திவிட்டேன். அந்தத் தலைவிக்குத்தான் என்னைப் பற்றித் தெரியவில்லை’ என்று பெருமையாக நினைத்துக்கொண்டது.

பிறகு ஒரு காலையில் மரநாய் ஒரு குடுவையோடு வந்தது. “நம் வெற்றிக்கு ஒரு வாய்!” என்றது. ஒரு வாய் என்றால் மரநாயின் வாய் வேறு, யானையின் வாய் வேறு அல்லவா? குடுவை காலியானது. அப்புறம் இன்னொரு குடுவையும் வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு மந்தி குட்டியை அணைத்துக்கொண்டு ஓடி வந்தது. “அண்ணே! என் பிள்ளை நச்சுக்காயைத் தின்றுவிட்டான்! மலை உச்சியில் இருக்கிற கீரி வைத்தியரிடம் கொண்டுபோகணும்!”

குட்டியின் வாயில் நுரை தள்ளியிருந்தது. ‘இன்றைக்கு முடியாது, குடித்திருக்கிறேன்’ என்ற சொல் வேழமுத்துவின் தொண்டைவரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடுமே!

“ஏறு தங்கச்சி!” என்றது.

முட்டி வலிக்கு மருந்து வாங்கப் புறப்பட்ட முள்ளம்பன்றியும் கூடவே ஏறிக்கொண்டது. மரநாய் மட்டும் ஏறவில்லை. “எனக்கு வேலை இருக்கிறது” என்றது.

மலைப்பாதை குறுகலானது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். பாதியில் வேழமுத்து நின்றது.

“இரண்டு பாதை போகிறதே, எதில் போகணும்?”

“ஐயோ, ஒரே பாதைதான் அண்ணே!” என்று மந்தி கத்தியது.

“அப்படியா? அப்படியென்றால் வலதுபக்கத்துப் பாதை!”

வலதுபக்கம் பாதையே இல்லை. யானையின் முன்கால் ஒன்று வெறும் காற்றில் இறங்கியது. கற்கள் உருண்டு கீழே விழுந்தன. அவை விழுந்து சேரும் சத்தம் வர வெகுநேரமானது.

பயத்தில் முள்ளம்பன்றியின் முட்கள் மொத்தமும் சிலிர்த்து நின்றன. நின்ற இடம் வேழமுத்துவின் முதுகு!

“அம்மாடியோவ்!”

காடே அதிர யானை பிளிறிக்கொண்டு பின்னுக்குப் பாய்ந்தது. பாறையில் முட்டி, அப்படியே உட்கார்ந்துவிட்டது. போதை போன இடம் தெரியவில்லை.

“இறங்கு தங்கச்சி. என்னால் முடியாது. நான் குடித்திருக்கிறேன்” என்றது.

மந்தி குட்டியோடு குதித்து, மேலே ஓடத் தொடங்கியது. பிளிறலைக் கேட்டு வந்த ஒரு கடமான் இருவரையும் ஏற்றிக்கொண்டு பறந்தது.

சற்று நேரத்தில் மூங்கில்காட்டுத் தலைவி வந்து இறங்கினாள். அவளும் ஓர் இருவாச்சிதான்!

“மணி எங்கே?”

“தே... தேய்க்கக் கொடுத்திருக்கிறேன்.”

“யாரிடம்? வேங்கைக்காட்டுத் தலைவியாக இருக்கும் என் நாத்தனாரிடமா? அத்திப்பழம் தின்ன அவள் இன்றைக்குத்தான் வந்தாள். சபையில்தான் அவள் பேச்சு சிறிது, பழம் தின்ன உட்கார்ந்தால் ஒரு பழத்துக்கு ஓர் ஊர்க்கதை சொல்வாள். குளத்தில் இறங்கிய கதையும் அதில் ஒன்று!”

“அது வேறு காட்டுத் தீர்ப்பு அம்மா! வேண்டுமானால் என் வக்கீலைக் கேளுங்கள்!”

மரநாய் ஓர் உயர்ந்த கிளையில் தெரிந்தது. “எந்த யானை? நான் பார்த்ததே இல்லையே!” என்று சொல்லி இலைக்குள் மறைந்தது.

“காடு வேறுதான்” என்றாள் தலைவி. “ஆனால் குடித்த வாய் அதே வாய். ஏற்றிய முதுகும் அதே முதுகு. ஆற்றில் நனைந்ததால் எது மாறியது?”



மாலையில் கடமான் இறங்கி வந்தது. “குட்டி பிழைத்துவிட்டான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் வைத்தியர்” என்றது. அதைக் கேட்டு வேழமுத்து அழுதது. யானை அழுவதை அந்தக் காடு அன்றுதான் பார்த்தது.

இரண்டு தலைவிகளும் கலந்து பேசினார்கள். ஒரு மழைக்காலம் என்றிருந்த தண்டனை மூன்று மழைக்காலமானது. அதுவும் இரண்டு காடுகளுக்கும் சேர்த்து. வேழமுத்து முதுகெல்லாம் முட்களோடு, யாரையும் ஏற்றாமல், தன்னந்தனியாக ஆற்றில் இறங்கி ஊர் திரும்பியது.

எல்லையைத் தாண்டித் தண்டனையிலிருந்து தப்பிக்கப் பார்க்கலாம், ஆனால் திருத்திக்கொள்ளாத குற்றம் போகுமிடமெல்லாம் நம்மோடுதான் வரும்.