செவலையம்மாளுக்கு வந்த வரன்

ஈரோட்டில் ஆன்லைனில் சேலை விற்றார் கந்தப்பன் முதலாளி. சேலை வாங்கியவர்களின் போன் நம்பரெல்லாம் எப்படியோ வெளியே போய், கண்டவர்களும் கூப்பிட்டுத் தொல்லை பண்ணுவதாகப் புகார் மேல் புகார் வந்தது.

பார்சல் கட்டும் பூவாத்தாளைப் பிடித்துக்கொண்டார். "விலாசம் ஒட்டுறவ நீதானே? நீதான் நம்பரை வித்திருக்கே. இல்லைன்னு வெள்ளிக்கிழமைக்குள்ளே நிரூபி. முடியலைன்னா வேலைக்கு வராதே!"

"செய்யாததை எப்படிங்க முதலாளி நிரூபிக்கிறது?"

"அது உன் பாடு."

பூவாத்தாள் சாமியைக் கும்பிட்டாள். புது நம்பர் ஒன்று வாங்கி, அதே வெப்சைட்டில் ஒரு சேலைக்கு ஆர்டர் போட்டாள். பெயர் செவலையம்மாள், வயது இருபத்துமூன்று. போட்ட கையோடு ரத்தும் செய்தாள்.

வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் முதலாளி, "நிரூபிச்சிட்டியா?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க, இப்ப அடிக்கும்" என்று போனை மேஜைமேல் வைத்தாள். ரெண்டு நாளாக ஓயாத போன் அது. உடனே அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"செவலையம்மாள் மேடமுங்களா? உங்க வயசுக்கு ஏத்த நல்ல வரன் இருக்கு, பார்க்கலாமா?"

"யாரு இந்தச் செவலையம்மாள்?" என்றார் முதலாளி.

"எங்க வீட்டு ஆடுங்க. இந்தப் பேரை நம்ம வெப்சைட்டுல மட்டுந்தான் கொடுத்தேன். ரத்தான ஆர்டர் பார்சல் கட்டுற இடத்துக்கு வராதுங்களே. உங்க கம்ப்யூட்டரோட நின்னுரும். அதைத் திறக்கிற பாஸ்வேர்டு உங்க ஒருத்தருக்குத்தானுங்களே தெரியும்?"

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். முதலாளி கூரையைப் பார்த்தார். "சரி சரி, போய் வேலையைப் பாரு" என்று முனகினார்.

பூவாத்தாள் போனை எடுத்தாள். "மன்னிச்சுக்குங்க தம்பி. எங்க பொண்ணுக்கு ரெண்டு குட்டி இருக்குதுங்க."