வாத்தின் கண்

"இந்த வாத்தைச் சுரண்டி எடுக்க அனுமதி கொடுங்கள், அம்மா" என்றாள் கெர்பிர்கா. கையில் ஏற்கெனவே கத்தி இருந்தது.

கணவன் இறந்தபின், ஐம்பது வயதில் கன்னியர் மடத்துக்கு வந்தவள் அவள். அவளுக்குக் குருவாக வாய்த்த அன்னை ஓடிலியாவுக்கு முப்பதுதான் ஆகிறது.

இவள் எழுத, அவர் ஓரங்களில் பறவைகளைத் தீட்ட, இரண்டு வருடமாக, விவிலியத் துதிப்பாடல்களான சங்கீதங்களின் புத்தகம் ஒன்று உருவாகியிருந்தது. அழகு என்றால் அப்படியோர் அழகு. ஞாயிற்றுக்கிழமை அது பேராலயத்துக்குப் போகிறது.

கடைசிப் பக்கத்தில் ஒரு வெள்ளை வாத்து. கண் மட்டும் பாக்கி.

"புறா, தூய ஆவி. ரத்தம் கொடுத்துக் குஞ்சுகளைக் காக்கும் கூழைக்கடா, நம் ஆண்டவர். மயில், உயிர்த்தெழுதல். இந்த வாத்து யார்?"

"நம் முற்றத்து வாத்து."

அது கெர்பிர்காவுக்கும் தெரியும். போன வாரம்தான் அவள் கெண்டைக்காலை அது பதம் பார்த்திருந்தது.

"பேராலயத்தில் ஆயர் பார்த்தால் சிரிப்பார். என் இரண்டு வருட உழைப்பு சந்தி சிரித்துப் போகும்."

கெர்பிர்கா எல்லாவற்றிலும் இப்படித்தான். கடல் கடந்து வரும் நீல வண்ணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். மாதாவின் மேலாடைக்குத் தவிர வேறெதற்கும் அதைத் தொட விடமாட்டாள்.

"சரி, சுரண்டுங்கள்" என்றார் ஓடிலியா. "அதற்கு முன் வாத்துடையதை வாத்துக்கே கொடுத்துவிடலாம்."

மேசையிலிருந்த இறகுப் பேனாவை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்த வாத்தின் சிறகிலிருந்து வந்தது அது. நூற்றைம்பது சங்கீதங்களும் அதன் முனை வழியாகத்தான் இறங்கியிருந்தன.

"இப்போது ஆண்டவர் பெயரை எழுதுங்கள்."

கெர்பிர்காவிடம் கத்தி மட்டுமே மிஞ்சியிருந்தது.

அடுத்து, முட்டை வெள்ளைக்கரு இருந்த கிண்ணம். அதைப் பூசித்தான் எழுத்துகளின் மேல் தங்கத்தை ஒட்டுவார்கள். முட்டையும் அந்த வாத்தினுடையதுதான். ஓடிலியா அதை ஜன்னல் வழியே கொட்டினார். பிறகு மெல்லிய தங்க இதழ் ஒன்றைப் பக்கத்தின் மேல் வைத்து, மெல்ல ஊதினார்.

இதழ் பறந்துபோய்த் தரையில் விழுந்தது.

கெர்பிர்கா கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இதன் கண் என்ன நிறம், அம்மா?"

"எனக்கும் நிச்சயமில்லை. அதனால்தான் விட்டுவைத்தேன். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்."

கெர்பிர்கா அங்கியைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். வாத்து கத்தியது. அவளும் கத்தினாள்.

நொண்டிக்கொண்டே திரும்பி வந்தாள்.

"கடித்ததா?"

"கடித்தது. ஆனால் கிட்டத்தில் பார்த்துவிட்டேன். இவ்வளவு அழகான கண்ணை நான் பார்த்ததேயில்லை, அம்மா."

பெட்டியைத் திறந்து, மாதாவின் நீலத்தை எடுத்தாள்.